போதையில் வண்டி ஓட்டி ரெண்டு தடவை தண்டனை: பாப்பாவை ஞாயித்துக்கிழமை அவங்கப்பாவோட அனுப்பலாமுங்களா?

நூல்கண்டு (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கங்க. திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில செக்கிங் செக்‌ஷன் பாத்துக்கறேன். எம் பொண்ணுக்கு ஆறு வயசு, ஒண்ணாம் வகுப்பு. நானும் அவங்கப்பாவும் ஒன்றரை வருஷமா தனித்தனியா இருக்கோம். விவாகரத்து கேஸ் குடும்ப நல கோர்ட்டுல நடக்குது. பாப்பா எங்கூட எங்கம்மா வீட்டுல இருக்கா. அவரு பல்லடம் பக்கம். பாப்பாவைப் பாக்கறதுக்குன்னு கோர்ட் உத்தரவு எதுவும் இல்லீங்க, எங்களுக்குள்ள பேசி வச்ச ஏற்பாடுதான். ஞாயித்துக்கிழமை காலைல எட்டு மணிக்கு பைக்ல வந்து கூட்டிட்டுப் போவாரு, சாயங்காலம் ஆறு மணிக்குக் கொண்டாந்து விட்டுருவாரு.

போன தீபாவளி சமயத்துல ராத்திரி பதினோரு மணிக்கு செக்கிங்ல ஊதச் சொல்லிப் பிடிச்சாங்க. தனியாத்தான் வந்திருக்காரு. கோர்ட்டுல குத்தத்த ஒத்துக்கிட்டு 10,000 ரூபா கட்டுனாரு. அப்ப நான் பெருசா எடுத்துக்கலை.

ரெண்டாவது தடவைதான் எனக்குத் தூக்கமே போயிருச்சு. ஆடி மாசம், ஞாயித்துக்கிழமை காலைல, பாப்பாவ டேங்க் மேல முன்னாடி உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போனாரு. ஒரு பேக்கரி முன்னால நின்னுட்டிருந்த லோடு ஆட்டோ பின்னாடி போய் இடிச்சிட்டாரு. பாப்பாவுக்கு மோவாயில சிராய்ப்பு, தையல் போடற அளவுக்கு இல்ல. ஹெல்மெட் போடலை. ஆட்டோக்காரர் சத்தம் போட, போலீஸ் வந்து ஊதச் சொன்னாங்க. 96 காட்டுச்சு. இந்தத் தடவை 15,000. லைசென்ஸையும் மூணு மாசத்துக்கு நிறுத்தி வச்சிட்டாங்க.

அவரு எங்கிட்ட சத்தியம் பண்ணிச் சொன்னாரு: "காலைல ஒரு சொட்டுக் கூட வாயில படலை. குடிச்சது ராத்திரி. தூங்கி எந்திரிச்சு, குளிச்சு, இட்லி சாப்பிட்டுட்டுத்தான் வந்தேன்." பொய் சொல்றாருன்னு எனக்குத் தோணலைங்க. அதுதான் இன்னும் பயமா இருக்குது. தெளிஞ்சிட்டோம்னு நெனச்சுக்கிட்டே பாப்பாவ வண்டில ஏத்தியிருக்காரு.

அடுத்த ஞாயித்துக்கிழமை லைசென்ஸ் இல்லாம அதே வண்டில வந்து நின்னாரு. நான் அனுப்பலை. பாப்பா கேட்டப் பிடிச்சுக்கிட்டு அழுதது இப்பவும் காதுல கேக்குது. அதுக்கப்புறம் நாலு வாரம் ஆச்சு, அவ அப்பாவப் பாக்கவே இல்ல.

எங்க பெரியப்பா பையன், "இந்த ரெண்டு கேஸும் போதும், இனி ஜென்மத்துக்கும் புள்ளையப் பாக்க முடியாதபடி பண்ணிரலாம்"ங்கறாரு. எனக்கு அது வேண்டாமுங்க. அவரு பாப்பாவ ஒரு நாளும் அடிச்சதில்ல. அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லிக் குடுத்ததே அவருதான், கடை போர்டு ஒவ்வொண்ணாக் காட்டி. எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு: அவரு ஓட்டற வண்டில எம் பொண்ணு உக்காரக் கூடாது. இதை மட்டும் கோர்ட்டுல கேக்க முடியுமா? கேட்டா, மொத்தமா அப்பனையே வெட்டி விட்டுருவாங்களா?

மல்லிச்செடி

உங்க அண்ணன் சொல்றதுதான் சரி. எத்தனை தடவை மன்னிப்பீங்க? முதல் தடவை தனியா, ரெண்டாவது தடவை குழந்தையோட. மூணாவது தடவைக்குக் காத்திருக்கீங்களா? என் அக்கா இப்படித்தான் பாவம் பார்த்தாள். குழந்தைக்கு இன்றைக்கும் ஒரு கால் சரியாக ஊன்ற முடியாது. அழுதால் நாலு நாள் அழுவாள், மறந்துவிடுவாள். உயிர் முக்கியம்.

கறுப்பு_அங்கி

நெல்லைப் பக்கம் குடும்ப வழக்குகள் நடத்துகிற வழக்கறிஞர் நான். முதலில் ஒரு தப்பெண்ணத்தைச் சரிசெய்து விடுகிறேன், சகோதரி. "அபராதம் கட்டியாச்சு, கேஸ் முடிஞ்சுது" என்று பலரும் நினைக்கிறார்கள். மாஜிஸ்திரேட் முன்னால் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால் அது தண்டனைதான். மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆவது பிரிவு. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். அவருக்கு 96, மூன்று மடங்குக்கும் மேல். முதல் முறை ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 அபராதம், அல்லது இரண்டும். அடுத்த முறை இரண்டு வருடம் வரை சிறை அல்லது 15,000. அவருக்கு இரண்டு முறையும் அபராதத்தோடு விட்டிருக்கிறார்கள்.

இப்போது உங்கள் கேள்வி. குடித்துவிட்டு வண்டி ஓட்டியவர் பிள்ளையைப் பார்க்கும் உரிமையை இழப்பார் என்று எந்தச் சட்டத்திலும் எழுதி வைக்கவில்லை. குழந்தையின் நலன்தான் எல்லாவற்றுக்கும் மேல் என்று இந்து சிறார் மற்றும் காப்பாளர் சட்டம் 13-ஆவது பிரிவு சொல்கிறது. 1890-ஆம் வருடத்துக் காப்பாளர் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, கேட்பவரின் நடத்தையையும் தகுதியையும் பார்க்கச் சொல்கிறது. தண்டனை இந்த இடத்தில்தான் உள்ளே வரும். 2008-இல் நீல் ரத்தன் குண்டு வழக்கில், தகப்பன் மேல் குற்ற வழக்கு நிலுவையில் இருப்பதைக் கூடக் கண்டுகொள்ளாமல் குழந்தையை ஒப்படைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அது வேறு வகைக் குற்றச்சாட்டு, மிகக் கொடியது. ஆனால் நிலுவையில் உள்ள வழக்கையே பார்க்க வேண்டும் என்றால், தீர்ப்பே ஆன இரண்டு வழக்குகளைப் பார்க்காமல் இருப்பார்களா?

இந்த இரண்டும் ஒரே எடை கொண்டவை அல்ல. தீபாவளி ராத்திரித் தண்டனை அவர் பழக்கத்தைக் காட்டுகிறது. ஆடி மாதத் தண்டனை குழந்தையை நேராகத் தொடுகிறது. நீதிபதி கேட்கப்போவது "இவர் குடிகாரரா" என்பதை விட, "இவரிடம் ஒரு நாள் விட்டால் குழந்தைக்கு என்ன ஆகும்" என்பதைத்தான். லைசென்ஸ் நிறுத்தி வைத்த பிறகும் அதே வண்டியில் வந்து நின்றாரே, என் அனுபவத்தில் அவரை அதிகம் பாதிக்கப்போவது அதுதான். தப்பு செய்தவரை நீதிமன்றம் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். சொன்னதைக் கேட்காதவரைப் பொறுக்காது.

நீங்கள் கேட்பதைத் தாராளமாகக் கேட்கலாம். விவாகரத்து வழக்கு நடக்கும் அதே நீதிமன்றத்தில், இந்து திருமணச் சட்டம் 26-ஆவது பிரிவின் கீழ் ஒரு ஐ.ஏ., அதாவது இடைக்கால மனு, போடுங்கள். தகப்பன் பார்க்கும் உரிமையை மறுக்கவில்லை, நிபந்தனை மட்டும் கேட்கிறேன் என்று முதல் பத்தியிலேயே எழுதுங்கள். குழந்தைக்குப் பெற்றோர் இருவரின் அன்பும் உரிமை என்று 2020-இல் யஷிதா சாகு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதோடு உங்கள் மனு ஒத்துப்போகும். மொத்தமாக வெட்டக் கேட்டால், "பழிவாங்கப் பார்க்கிறார்" என்று எதிர்த்தரப்பு சொல்வதற்கு நீங்களே வழி செய்து கொடுத்தது போல் ஆகும். மல்லிச்செடி அம்மாவின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் இந்த வழக்கில் குழந்தைக்கு ஆபத்து அந்த வண்டிச் சாவியில் இருக்கிறது. அதை எடுக்க வழி இருக்கும்போது தகப்பனையே எடுக்க வேண்டியதில்லை.

மாஜிஸ்திரேட் கோர்ட்டில் இரண்டு வழக்குக்கும் சான்றிட்ட நகல் போட்டு வாங்குங்கள். மோவாய்ச் சிராய்ப்புக்கு டாக்டரிடம் காட்டிய சீட்டு இருந்தால் எடுத்து வையுங்கள். குடும்ப நல நீதிமன்றச் சட்டம் 14-ஆவது பிரிவு, சாட்சியச் சட்டத்தின் கறார் இல்லாமலே ஆவணங்களை ஏற்க இடம் தருகிறது. வழக்குச் செலவு கவலையாக இருந்தால் சட்ட உதவி எண் 15100-க்குப் பேசுங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு.

கடைசியாக ஒன்று. பாப்பாவுக்கு எதுவும் சொல்லிக் கொடுக்காதீர்கள். நீதிபதி அவளைத் தனியாக அறைக்குள் கூப்பிட்டுப் பேசலாம். சொல்லிக் கொடுத்த பேச்சு ஆறு வயதுக் குழந்தை வாயில் அப்படியே தெரிந்துவிடும்.

மூணு_வருசம்

தங்கச்சி, நான் அந்தப் பக்கத்து ஆளு. உங்க வீட்டுக்காரர் இருக்கிற இடத்துல நான் இருந்தேன். அதனால எழுதுறேன்.

மதுரைப் பக்கம். எனக்கும் ரெண்டு கேஸு. என் மகன் வண்டில இல்ல, ஆனா பள்ளிக்கூடத்துல இருந்து அவனைக் கூட்டிட்டு வரப் போற வழியில பிடிச்சாங்க. கோர்ட்டுல என் வக்கீல் அதை மறைக்கப் பாத்தாரு. எதிர்க்கட்சி வக்கீல் நகலை எடுத்து நீட்டுனப்போ ஜட்ஜம்மா என்னை நிமிந்து பாத்தாங்க. அந்தப் பார்வை இன்னும் எனக்கு மறக்கல. குடிச்சதுக்கு வந்த பார்வை இல்ல அது, மறைச்சதுக்கு. மாசத்துக்கு ரெண்டு சனிக்கிழமை, கோர்ட் வளாகத்துக்குள்ளயே, ஒரு மணி நேரம், ஆள் பக்கத்துல உக்காந்திருக்க மகனைப் பாக்கணும்னு உத்தரவு. பதினாலு மாசம் அப்படித்தான் பாத்தேன். பிளாஸ்டிக் சேர்ல எதிர எதிர உக்காந்து பிள்ளைகிட்ட என்னத்தப் பேசுறது? மொத ரெண்டு தடவை "சாப்பிட்டியா"ன்னே கேட்டுக்கிட்டிருந்தேன்.

ராத்திரி குடிச்சது காலைல தெளிஞ்சிரும்னு சொன்னாருல்ல, நானும் அப்படித்தான் நம்புனேன். சிகிச்சைக்குப் போனப்போ டாக்டர் ஒரு தாள்ல கணக்குப் போட்டுக் காட்டுனாரு. ஒரு குவார்ட்டர் 180 மில்லி. அதுல சுத்த சாராயம் மட்டும் அறுபது கிராம் கிட்ட. சாதாரண உடம்பு மணிக்கு ஏழு, எட்டு, மிஞ்சிப் போனா பத்து கிராம்தான் கரைக்கும். அப்ப ஒரு குவார்ட்டருக்கே ஆறு மணி நேரத்துல இருந்து எட்டு, ஒன்பது மணி நேரம். ஆஃப், அதாவது ரெண்டு குவார்ட்டர் அளவு, அடிச்சிட்டு ராத்திரி பத்து மணிக்குப் படுத்தவன் காலைல எட்டு மணிக்கு வண்டி எடுத்தா 96 வராம என்ன வரும்? குளிச்சாலோ, இட்லி சாப்பிட்டாலோ, கட்டங்காப்பி குடிச்சாலோ ஒரு கிராம் கூடுதலாக் கரையாது. அவருக்கு இதை யாராவது சொல்லணும். நீங்க சொன்னா சண்டையாத் தெரியும். ஆம்பளை யாராவது, குடிச்சு விட்டவன் ஒருத்தன் சொன்னா காதுல ஏறும்.

நான் எப்படித் திரும்ப வந்தேன்னா, யாரும் கேக்குறதுக்கு முன்னாடியே நானா காட்ட ஆரம்பிச்சேன். மொத வாய்தாவுலயே ரெண்டு கேஸையும் சொல்லி அஃபிடவிட் போட்டிருந்தா பதினாலு மாசம் அஞ்சு மாசமாக் குறைஞ்சிருக்கும்னு என் வக்கீல் பின்னால சொன்னாரு. இருபத்தெட்டு நாள் உள்ள இருந்து சிகிச்சை. டிஸ்சார்ஜ் சம்மரி. அதுக்கப்புறம் மூணு மாசத்துக்கு ஒருக்க ஈரல் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட். வாரா வாரம் ஏ.ஏ. கூட்டம், குடியை விட நினைக்கிறவங்க கூடிப் பேசுறது. பைக்கை வித்துட்டேன், ஆர்.சி. மாத்துன காகிதத்தையும் ஜட்ஜ்கிட்ட குடுத்தேன். இப்ப மகன் வெள்ளி சாயங்காலம் வந்து ஞாயிறு வரைக்கும் என் வீட்டுல தங்குறான். குடியை விட்டு மூணு வருசம் ஆகுது.

தங்கச்சி, ஒண்ணு மட்டும் கேக்குறேன். நாலு வாரம் ஆச்சுன்னு எழுதியிருக்கீங்க. உத்தரவு வர்ற வரைக்கும் உங்க வீட்டு வாசல்லயாவது, உங்க அப்பா முன்னாடியாவது, பிள்ளைய அவரைப் பாக்க விடுங்க. அவருக்காக இல்ல. அப்பா ஏன் வரலைன்னு பிள்ளை தானா ஒரு காரணம் கண்டுபிடிச்சுக்கும். என் மகன் "நான் கணக்குல ஃபெயில் ஆனதுனாலதான் அப்பா வரலை"ன்னு நெனச்சிருக்கான். எட்டு மாசம் கழிச்சுத்தான் எனக்கே தெரிஞ்சுது.

வளைகுடா_வாசி

சான் ஓசேயில் இருந்து எழுதுகிறேன். இங்கே கலிபோர்னியாவில் அளவு 80 மில்லிகிராம், நம் ஊரை விடத் தளர்வு. ஆனால் பதினாலு வயதுக்குக் குறைந்த பிள்ளை வண்டியில் இருந்தால், முதல் முறையே தண்டனையோடு இன்னொரு 48 மணி நேரச் சிறை சேரும். குடும்ப நீதிமன்றமும் தேவைப்பட்டால் ஆல்கஹால் பரிசோதனைக்கு உத்தரவிடலாம். காரில் ஒரு கருவி மாட்டுவார்கள், அதில் ஊதி சுத்தமாகக் காட்டினால்தான் எஞ்சினே ஸ்டார்ட் ஆகும். நம் ஊரில் அந்தக் கருவி இல்லாவிட்டாலும், பிள்ளையைக் கூப்பிட வரும்போது தாத்தா முன்னால் ஊதிக் காட்ட வேண்டும் என்று நிபந்தனை கேட்க முடியாதா? ஊதும் கருவி ஆன்லைனிலேயே கிடைக்கிறதே.

நூல்கண்டு

எல்லாருக்கும் நன்றிங்க. மூணு வருசம் அண்ணா எழுதுனதப் படிச்சிட்டு கம்பெனி பாத்ரூம்ல போய் அழுதுட்டு வந்தேன். பாப்பா நேத்து எங்கிட்ட, "நான் ஆட்டோக்காரர் திட்டுனப்ப அழுதேன்ல, அதான் அப்பாவுக்குக் கோவமா?"ன்னு கேட்டா. நீங்க சொன்னது அப்படியே.

வக்கீல் ஐயா, ஊதற மிஷின் கேக்கலாமுங்களா? இன்னொண்ணு, லைசென்ஸ் மூணு மாசத்துல திரும்பக் கெடைச்சிருமே. அப்ப "இப்பத்தான் லைசென்ஸ் இருக்குதே"ன்னு திரும்பவும் பைக்ல வந்தா?

கறுப்பு_அங்கி

அதனால்தான் உத்தரவில் "லைசென்ஸ் இல்லாத காலத்தில்" என்று எழுத விடாதீர்கள். "மறு உத்தரவு வரும் வரை, குழந்தை இருக்கும் எந்த வாகனத்தையும் எதிர்மனுதாரர் ஓட்டக் கூடாது, பேருந்து, ஆட்டோ, அல்லது லைசென்ஸ் உள்ள வேறு பெரியவர் ஓட்டும் வாகனத்தில் மட்டும் அழைத்துச் செல்லலாம்" என்று கேளுங்கள். பார்க்கும் நாளுக்கு முந்தைய 24 மணி நேரம் மது அருந்தக் கூடாது என்பதையும் சேருங்கள். மூணு_வருசம் நண்பர் போட்ட கணக்குக்குப் பிறகு "பார்க்கும் நேரத்தில்" என்று மட்டும் எழுதுவதில் பயனில்லை. ஊதும் கருவியைக் கேட்கலாம். ஆனால் கடையில் வாங்கும் மலிவான கருவி தப்பாகக் காட்டினால் வாசலில் ஞாயிறுதோறும் தகராறு வரும். அவரே சம்மதித்தால் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் திருந்தினால் நிபந்தனையைத் தளர்த்த அவரும் மனுப் போடலாம். பிள்ளையைப் பற்றிய உத்தரவு எதுவும் நிரந்தரமல்ல, சூழ்நிலை மாறினால் மாற்றலாம் என்று 1973-லேயே ரோசி ஜேக்கப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் இருந்து போன வழக்கு அது. இதை அவரிடம் சொல்லுங்கள். கதவு மூடவில்லை என்று தெரிந்தால் கையெழுத்துப் போடச் சம்மதிப்பார். இருவரும் ஒத்துக்கொண்டால் ஜாயின்ட் மெமோவாகவே, அதாவது இருவரும் கையெழுத்திட்ட கூட்டு மனுவாகவே, போட்டுவிடலாம், விசாரணை இழுக்காது.

நாலு வயதுக்கு மேல் பிள்ளைக்கும் ஹெல்மெட் கட்டாயம். வேறு யார் பைக்கில் போனாலும் இதை மறக்காதீர்கள்.

நூல்கண்டு

ரெண்டு மாசம் கழிச்சு எழுதறேனுங்க. கேட்டவங்களுக்குச் சொல்லணும்ல.

ஐ.ஏ. போட்டேன். மொத வாய்தாவுல அவரோட வக்கீல், "அந்த கேஸுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை"ன்னு ஆரம்பிச்சாரு. அவரே வக்கீல் கையப் பிடிச்சு நிறுத்திட்டு, "சம்பந்தம் இருக்குதுங்க, எம் பொண்ணு முன்னாடிதான் உக்காந்திருந்தா"ன்னு சொன்னாரு. நான் அவரைக் கல்யாணம் பண்ணி ஒன்பது வருஷத்துல அவரு அப்படி ஒத்துக்கிட்டுப் பேசி நான் பாத்ததில்ல. கவுன்சிலர் ரெண்டு தடவை எங்களை உக்கார வச்சுப் பேசுனாங்க. ஜாயின்ட் மெமோ போட்டாச்சு. ஐயா சொன்ன வார்த்தை அப்படியே இருக்குது, 24 மணி நேரமும் இருக்குது. ஊதற மிஷின் வேண்டாம்னு விட்டுட்டோம். அதுக்குப் பதிலா சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கும் ஒன்பது மணிக்கும் பாப்பாகிட்ட வீடியோ கால் பேசணும்னு அவரே கேட்டுச் சேத்துக்கிட்டாரு. அந்த நேரம்தான் கடைக்குப் போற நேரமுன்னாரு.

மூணு வருசம் அண்ணா, நீங்க போட்ட குவார்ட்டர் கணக்க எங்கப்பா ஒரு தாள்ல எழுதி அவர்கிட்ட குடுத்தாரு. படிச்சிட்டு எதுவும் பேசலை, மடிச்சு சட்டைப் பையில வச்சுக்கிட்டாரு. சிகிச்சைக்கு இன்னும் போகலைங்க. குடியை விடறதுக்கான உதவி நம்பர் 14446-க்கு ஒரு தடவை பேசுனதா சொன்னாரு. நான் துருவிக் கேக்கலை.

இப்ப பல்லடத்துல இருந்து பஸ்ல வராரு. எட்டு மணின்னு இருந்தது ஒன்பதரை ஆயிருச்சு. பாப்பா ஜன்னல் சீட்டு வேணும்னு அடம்பிடிச்சு, வழியில இருக்கற கடை போர்டெல்லாம் சத்தமாப் படிச்சுக்கிட்டே போறாளாம். போன வாரம் "மொத்த வியாபாரம்"ங்கறத எழுத்துக் கூட்டாமயே படிச்சிட்டான்னு அவரு எனக்கு மெசேஜ் பண்ணிருந்தாரு.